பசங்களுக்கு பிசினஸ் எப்படி சொல்லித் தர்றது?

கேள்வி: வண்ணாரப்பேட்டை பக்கம் காலேஜ்ல பாடம் எடுக்குறேன், தொழில்முனைவு பேப்பர பசங்க மனப்பாடம் பண்ணியே பாஸ் ஆயிடுறாங்க, ஒருத்தனும் ஒரு பொருள் வித்ததில்ல. என்ன பண்ணலாம்?

பதில் 1: சார், அமெரிக்கால ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில பசங்கள டீமா பிரிச்சு, டீமுக்கு 5 டாலரும் 2 மணி நேரமும் குடுத்து சம்பாதிக்கச் சொன்னாங்க, ஜெயிச்ச டீம் அந்தக் காச தொடவே இல்ல, கிளாஸ்ல பேசக் கிடைச்ச 3 நிமிஷத்த வேலைக்கு ஆள் தேடுற கம்பெனிக்கு 650 டாலருக்கு வித்துட்டாங்க.

பதில் 2: இங்க எம்.சி. ரோட்டுல நைட்டி எடுத்து விக்க சொல்லுங்க. நான் காசிமேட்டுல மீன் எடுத்து, ஐஸ் செலவ கணக்குல சேக்காம, பாதி நாறிப்போயி, எங்கம்மா வீட்டுக்குள்ளயே விடல.

பதில் 3: நட்டத்துக்கு மார்க் குறைக்காதீங்க சார், கணக்கு நோட்டுக்கு போடுங்க. இல்லாட்டி வீட்ல துட்டு வாங்கி லாபம்னு காட்டுவானுங்க.

கேட்டவர்: ஏற்கனவே காட்டிட்டானுங்கபா 😀