புதுப்பிப்பு: தோட்டத்து ஃபைபர் நீச்சல் தொட்டி இறங்கியாச்சு

உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஃபைபர் கிளாஸ் நீச்சல் தொட்டியை நாமே இறக்கினால் காசு மிச்சமாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆகிறது.

மிச்சமெல்லாம் மண்வேலையில்தான். ஜேசிபியை மணிக்கணக்கில் பேசி, எடுத்த மண்ணை வரப்புக்கே போட்டதில் லாரி வாடகை இல்லை. கிரேனிலும் கரண்ட் வேலையிலும் மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை. எர்த்தும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) லைசென்ஸ் உள்ளவர் போட்டதுதான்.

தொட்டியைச் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்ப எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போதுமே என்று சிலர் சொன்னீர்கள். நனைந்தால் அது இறங்கிவிடும். பொடி ஜல்லிதான் போட்டோம். வெளியே முக்கால் அடி ஜல்லி, உள்ளே அதே உயரத்துக்குத் தண்ணீர், ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு வெளியே மட்டும் கொட்டினால் சுவர் உள்பக்கம் வயிறு தள்ளிவிடும். தொட்டி 20க்கு 10 அடி, சராசரி ஆழம் 4 அடி என்றால் சுமார் 22,000 லிட்டர். போர் மோட்டாரை விட்டு விட்டுத்தான் ஓட்டினோம்.

கோடையில் காலியாக விடலாமா என்று கேட்ட அண்ணாவுக்கு: வேண்டாமுங்க. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நிலத்தடி ஊற்று ஏறும். காலித் தொட்டியை அப்படியே தூக்கிவிடும். அதற்காகவே மூலையில் குழியின் அடிவரைக்கும் ஒரு பிவிசி குழாய் நட்டிருக்கிறோம். ஊற்று ஏறினால் அதில் தெரியும், சின்ன மோட்டார் விட்டு இறைத்துக்கொள்ளலாம்.