கருவி கைக்கு வருவதற்கு முன்பே அதற்கு ஆப் எழுதியவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கீழ்க்கட்டளை:

பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது, அந்தக் குழந்தையின் கைகள் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

முதல் ஐபேட், 2010. ஜனவரி 27 ராத்திரி நம்ம நேரம் பதினொன்றரைக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் மேடை ஏறினார். அன்றைக்கே அதற்கு ஆப் எழுதும் மென்பொருள் தொகுப்பு, 3.2 பீட்டா எஸ்டிகே, வந்துவிட்டது. அந்த வாரமே எங்கள் அமெரிக்க கிளையண்ட் படக்கதை ஆப் ஒன்று கேட்டார், விற்பனை தொடங்கும் நாளிலேயே இருக்கணும் என்றார். மீதி உங்களுக்கே தெரியும். கருவி கிடையாது, கம்ப்யூட்டரில் ஐபேட் மாதிரி ஓடும் சிமுலேட்டர்தான். முதல் நாளே ஆப்பிளின் ஆப் கடையில் இருக்க மார்ச் 27 மாலை ஐந்து மணி கெடு, பசிபிக் நேரம். நமக்கு ஞாயிறு விடிகாலை ஐந்தரை. ஐந்து பத்துக்கு அப்லோட் முடித்துக் கீழே இறங்கினால் பால் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 3 ராத்திரி கிளையண்ட் ஸ்கைப்பில் வந்தார். அவர் பெண்ணுக்கு ஐந்து வயசு இருக்கும், மடியில் ஐபேட். நான் பார்த்த முதல் ஐபேட் அதுதான், அதுவும் கேமரா வழியாக. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். முயல் குதிக்கும் இடத்தில் சிரித்தாள். இருபது பக்கத்துக்கு மேல் போனதும் கருவியைப் படுக்கவசமாகத் திருப்பினாள், படமும் கூடவே திரும்பியது, அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். ஆப் மூடிக்கொண்டது. முயல் இருந்த இடத்தில் ஐகான்கள். அந்தக் குழந்தை சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தான் எதையும் செய்யவில்லை என்று அப்பாவிடம் சொன்னாள்.

காரணம் சின்னது. 1024க்கு 768 அளவில் ஒரு படம் மெமரியில் 3 எம்பி பிடிக்கும். 32 பக்கம், நிமிர்த்தினால் ஒன்று, படுக்கவைத்தால் ஒன்று, ஆக 64 படம். திறந்த எதையும் நான் விடவில்லை, எல்லாவற்றையும் அரே என்ற ஒரே பட்டியலில் பிடித்துவைத்திருந்தேன். எல்லாம் திறந்தால் மொத்தம் 192 எம்பி. கருவியில் இருந்ததே 256, அதில் சிஸ்டத்தின் பங்கு வேறு. சிமுலேட்டர் மேக்கின் மெமரியில் ஓடுவதால் அங்கே வழுக்கிக்கொண்டு போனது. திருத்த அரை நாள்தான் ஆனது. ஆனால் தப்பு என்னுடையது என்று அந்தக் குழந்தைக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை.

டொரண்டோ வாசி:

நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாத கதை. கனடாவுக்கு ஐபேட் மே 28க்குத்தான் வந்தது, எங்கட குறிப்பு எழுதுற ஆப் ஏப்ரல் 3இலயே கடையில. அதால அண்டைக்குக் காலமையே காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி பஃபலோவுக்குப் போனன். அப்பவெல்லாம் வாங்கினதும் பாவிக்க ஏலாது, முதல் கம்ப்யூட்டரில இருக்கிற ஐடியூன்ஸ் மென்பொருளில கொழுவ வேணும். கார் பார்க்கிலயே மடியில மேக்புக், வயர் கொழுவி, உயிர் வந்ததும் எங்கட ஆப்பை இறக்கினன்.

கருவி 680 கிராம். அதுவரைக்கும் நான் அதே அளவில வெட்டின காட்போட் மட்டையைத்தான் கையில வைச்சுப் பாத்தனான். மட்டைக்குப் பாரம் இல்லை, இரண்டு விரலே காணும். உண்மையானதை இடக்கையால தூக்கினால் பெருவிரல் தன்பாட்டில திரைக்குள்ள வந்து அழுத்துது. அந்த மூலையிலதான் நான் 'அழி' பொத்தானை வைச்சிருந்தன். விரலை எடுத்த உடன குறிப்பு போயிட்டுது. உறுதியா எண்டு கேக்கிற பெட்டியும் வைக்கேல்லை. சிமுலேட்டரில மவுஸாலதான் அழுத்திப் பாத்தனான், மவுஸ் அம்புக்குறி பெருவிரல் மாதிரித் தன்பாட்டில ஒருநாளும் அழுத்திறேல்லைத்தானே.

கார் பார்க்கில இருந்துகொண்டு, இப்ப எத்தினை பேர் இதே மாதிரிப் பிடிச்சுக்கொண்டிருக்கினமோ எண்டு நினைச்சன். எல்லை தாண்டித் திரும்பி வரேக்க ஒரு பாட்டும் போடேல்லை.

பழைய பிழைதிருத்தி:

கீழ்க்கட்டளை சார், உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் சிமுலேட்டர் காட்டவில்லை என்பதை ஏற்க முடியாது. என் கதை இரண்டு வரிதான். அதே மார்ச்சில் எங்கள் கிளையண்டிடம், கருவியில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். அவர் வேறு ஆளிடம் போய்விட்டார். அந்த மெயிலைத் திறந்த நிமிஷம் இன்றைக்கும் வலிக்கிறது, சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இனி புதிதாக எழுதப்போகிறவர்களுக்குச் சில விஷயம். ஐபோன் திரை அப்போது 320க்கு 480. ஐபேட் திரையில் புள்ளிகள் அதைப்போல ஐந்து மடங்கு. ஆனால் ஐபோன் 3ஜிஎஸ்ஸிலும் 256 எம்பிதான், ஐபேடிலும் 256தான். பை அதே பை, சாமான் ஐந்து மடங்கு. இந்தக் கணக்கைப் போட கருவி வேண்டாம், ஒரு காகிதம் போதும். பார்க்கும் பக்கம், முந்தையது, அடுத்தது, இந்த மூன்றுக்கு மேல் மெமரியில் எதற்கு? அப்போது மெமரியைத் தானாக விடுவிக்கும் ஏஆர்சி கிடையாது, ரீடெய்ன் என்று பிடித்துவைத்தால் ரிலீஸ் என்று விடுவதையும் நாமேதான் எழுதணும். மெமரி எவ்வளவு போகிறது என்று காட்டும் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மென்பொருளில் ஏறிக்கொண்டே போகும் கோடு சிமுலேட்டரிலும் தெரிந்திருக்கும். சிமுலேட்டர் மெனுவிலேயே மெமரி எச்சரிக்கை அனுப்பும் வசதி உண்டு, அதை அழுத்திப் பார்த்தீர்களா? எச்சரிக்கை வந்தால் எதைத் தூக்கிப்போடுவது என்பதை முதல் நாளே முடிவு பண்ணணும். பொத்தான் விஷயத்திலும் அதேதான். திரையை அசல் அளவில் அச்செடுத்து ஒரு கனமான புத்தகத்தின் மேல் ஒட்டி, பத்து பேர் கையில் கொடுங்கள். அவர்கள் எங்கே பிடிக்கிறார்கள் என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அழிக்கும் பொத்தானுக்கு அந்த இடம் ஆகாது.

இன்னொன்று, யாருக்குமே கருவி கிடைக்கவில்லை என்ற பேச்சும் சரியில்லை. ஜனவரி மேடையில் நியூயார்க் டைம்ஸ், விளையாட்டு ஆப் எழுதும் கேம்லாஃப்ட், இஏ கம்பெனிகள், பேஸ்பால் லீக் எல்லாம் தங்கள் ஆப்பைக் காட்டின. பிரஷ்ஷஸ் என்ற ஓவிய ஆப்பும் அதில் உண்டு, அது தனி மனிதர் ஒருவர் எழுதியது. அவர்களுக்கு ஆப்பிள் முன்கூட்டியே சில வாரம் கொடுத்திருந்தது.

கீழ்க்கட்டளை:

பிழைதிருத்தி சார், யாருக்குமே கிடைக்கவில்லை என்று நான் எழுதவில்லை, எங்களுக்குக் கிடைக்கவில்லை. கோடம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஐந்து பேர் ஆபீஸ். இருந்த ஒரே போன் 3ஜி, அதில் 128 எம்பி. அந்த மெமரி எச்சரிக்கை மெனுவை நான் அழுத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் யோசனை கேட்டு எழுதவில்லை. அந்தக் குழந்தையைப் பற்றித்தான் எழுதினேன்.

மேலூர்க்காரன்:

எனக்கு ஐபேட் இல்லை, அடுத்த வருஷம் வந்த வேறொரு ஏழு அங்குல டேப்லெட். வெளியாகும் முன்பே ஆப் எழுதி, அது ஏற்கப்பட்டால் டேப்லெட் இலவசம் என்றார்கள் அந்தக் கம்பெனிக்காரர்கள். அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அதற்கான சிமுலேட்டர் என் லேப்டாப்பில் ஏறவே இல்லை, ஒரு ஜிபி ராம்தான். விண்டோஸிலேயே ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். தமிழ் அரிச்சுவடி ஆப். ஏற்றுக்கொண்டார்கள்.

டேப்லெட் கூரியரில் வந்த அன்று வீட்டில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அப்பா தமிழாசிரியர், ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் கையில்தான் முதலில் கொடுத்தேன். அ, ஆ எல்லாம் சரியாக வந்தது. 'கொ' பக்கம் வந்ததும் கொக்கு படம் இருக்கு, கீழே எழுத்து உடைந்து கிடக்கு. 'க' ஒரு பக்கம், கொம்பு வேறு பக்கம், கால் தனியாக, நடுவில் புள்ளி வட்டம். விண்டோஸ் அதைத் தானாகச் சேர்த்துக் காட்டியிருக்கிறது, இந்தக் கருவிக்குச் சேர்க்கத் தெரியவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "இதை யாருப்பா திருத்துனது?" என்றார். அதட்டவே இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகளிடம் கேட்ட அதே குரல்.

யாரும் திருத்தவில்லை. ஏற்றுக்கொண்டவருக்கு நம் எழுத்து தெரிந்திருக்க வழியில்லை, தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மூன்று நாள் எழுத்துருவோடு மல்லுக்கட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் அப்பாவே கட்டம் போட்ட நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டார். 247 எழுத்தும் அவர் கையெழுத்து. 'ஙௌ' வரைக்கும் விடவில்லை. ஸ்கேன் பண்ணி, ஒவ்வொன்றையும் படமாக வெட்டிச் சேர்த்தேன். அடுத்த அப்டேட்டில் அதுதான் போனது.

கீழ்க்கட்டளை:

தம்பி, அந்த நோட்டு இன்னும் இருக்கா?

மேலூர்க்காரன்:

இருக்குண்ணே. டேப்லெட்தான் ஆன் ஆக மாட்டேங்குது. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. என் பொண்ணு இப்போ ஒண்ணாப்பு, அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதிப் பழகுறா.