கிளாஸ்கோவா, மான்செஸ்டரா? இரண்டு ஊரிலும் குடியிருந்த அனுபவத்தில்

சென்ற வாரம் ஒரு தம்பி கேட்டார். கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருக்கின்றன, ஒன்று கிளாஸ்கோ, ஒன்று மான்செஸ்டர். இரண்டிலும் சம்பளம் ஆண்டுக்கு 42,000 பவுண்ட். மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் கூட வருகிறார்கள். எங்கே போகலாம் அண்ணா என்றார். பதில் நீண்டுவிட்டது, வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கேயும் போடுகிறேன். நான் கிளாஸ்கோவில் நான்கு வருடம் இருந்தேன். மான்செஸ்டருக்கு வந்து இது மூன்றாவது வருடம்.

எல்லோரும் முதலில் வாடகையைத்தான் ஒப்பிடுகிறார்கள். கிளாஸ்கோவில் வாடகை குறைவுதான், மான்செஸ்டர் நகர மையத்தில் கட்டுபடியாவது கஷ்டம். ஆனால் முதலில் மனதில் வைக்க வேண்டியது வேறு. கிளாஸ்கோ இருப்பது ஸ்காட்லாந்தில், மான்செஸ்டர் இங்கிலாந்தில். விசா இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். வருமான வரி, பள்ளி, மருத்துவம், வாடகைச் சட்டம் இவையெல்லாம் ஸ்காட்லாந்தில் ஒரு மாதிரி, இங்கிலாந்தில் ஒரு மாதிரி. இதைக் கணக்கில் எடுக்காமல் ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன்.

வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். "ஸ்காட்லாந்தில் வரி அதிகம்" என்பது பாதி உண்மை. 2025-26 கணக்கில், முப்பதாயிரம் பவுண்ட் சம்பளத்துக்கு இரண்டு இடத்திலும் வரி ஏறக்குறைய ஒன்றுதான். 42,000 என்றால் கிளாஸ்கோவில் வருடத்துக்கு 117 பவுண்ட் கூடுதல், அதாவது மாதம் பத்து பவுண்ட். அதற்கு மேல்தான் இடி. ஸ்காட்லாந்தில் 43,662 பவுண்டைத் தாண்டியதுமே 42 சதவீத வரி தொடங்கிவிடும். இங்கிலாந்தில் 40 சதவீதம் 50,270-க்கு மேல்தான். ஐம்பதாயிரம் வாங்குகிறவர் கிளாஸ்கோவில் வருடத்துக்குச் சுமார் 1,500 பவுண்ட் அதிகம் கட்டுவார். கம்பெனி எங்கே இருக்கிறது என்பதை வைத்து இது முடிவாவதில்லை, நீங்கள் குடியிருக்கும் வீடு எங்கே என்பதுதான் கணக்கு. ஸ்காட்லாந்தில் குடியிருப்பவரின் வரிக் குறியீடு 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும். நான் மான்செஸ்டருக்கு வந்தபோது வரித்துறையில் முகவரியை மாற்றாமல் விட்டுவிட்டேன், நான்கு மாதம் அந்த 'எஸ்' அப்படியே ஓடியது. பிறகு பணம் திரும்பி வந்தது என்றாலும், ஊர் மாறினால் முதல் சம்பளச் சீட்டிலேயே அந்த எழுத்தைப் பாருங்கள்.

இனி குழந்தை. தம்பிக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். ஸ்காட்லாந்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் வருடத்துக்கு 1,140 மணி நேரம் நர்சரி இலவசம். பள்ளி நடக்கும் வாரங்களில் வாரத்துக்கு முப்பது மணி நேரம் வரும். பெற்றோர் வேலையில் இருக்கிறார்களா, எந்த விசா என்று பார்ப்பதில்லை. இங்கிலாந்திலும் முப்பது மணி நேரம் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பெற்றோரில் ஒருவருக்காவது அரசு நிதி உதவி பெறும் உரிமை இருக்க வேண்டும். நம்மைப் போல வேலை விசாவில் வரும் குடும்பங்களில் கணவன், மனைவி இருவருக்கும் அந்த உரிமை இருப்பதில்லை. ஆகவே மூன்று வயதானதும் எல்லோருக்கும் தரும் பதினைந்து மணி நேரம் மட்டுமே கிடைக்கும், மீதியை நாம்தான் கட்ட வேண்டும். இங்கே நர்சரிக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துப் பார்த்தால், வரியில் போகும் பத்து பவுண்ட் ஒரு பொருட்டே இல்லை என்று தெரியும். மனைவி வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்பதையே இது தீர்மானித்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் இரண்டு ஊரிலும் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான்.

அப்படியென்றால் நான் ஏன் கிளாஸ்கோவை விட்டு வந்தேன்? அடுத்த வேலைக்காக. வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், புது ஸ்பான்சரை, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் கம்பெனியை, தேடப் பொதுவாக அறுபது நாள் அவகாசம். அந்த அறுபது நாளில் எத்தனை கம்பெனிக்கு வீட்டை மாற்றாமல் போய்வர முடியும் என்பதுதான் ஒரு ஊரின் உண்மையான பலம். கிளாஸ்கோவில் வேலை இல்லாமல் இல்லை. ஜே.பி. மார்கன், மார்கன் ஸ்டான்லி, பார்க்லேஸ் எல்லாம் பெரிய தொழில்நுட்ப அலுவலகங்களை அங்கே வைத்திருக்கின்றன, எடின்பரோவுக்கு ரயிலில் ஐம்பது நிமிடம். ஆனால் அந்த இரண்டு ஊரையும் விட்டால் அடுத்தது தூரம். மான்செஸ்டரில் இருந்தால் சால்ஃபோர்டு, ஸ்டாக்போர்ட், வாரிங்டன், லிவர்பூல், லீட்ஸ் எல்லாமே தினம் போய்வரும் தூரம், லண்டனுக்கும் இரண்டேகால் மணி நேரத்தில் ரயில். கிளாஸ்கோவில் என்னோடு இருந்த நண்பருக்கு வேலை போனபோது அடுத்த வேலை லீட்ஸில் கிடைத்தது. நடு வருடத்தில் வீட்டைக் காலி செய்து, பையனைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பையன் அழுததை நான் பார்த்தேன். அது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

செவிலியர்களுக்கு இந்தப் பயம் குறைவு, இரண்டு ஊரிலும் பெரிய மருத்துவமனைகள் உண்டு. தொடக்கநிலைச் செவிலியர் சம்பளம் ஸ்காட்லாந்தில்தான் அதிகம். வேலை நேரத்தையும் 2024-இல் வாரம் 37 மணி நேரமாகக் குறைத்தார்கள். அவர்கள் தயங்காமல் கிளாஸ்கோ போகலாம்.

வாடகை வீடு. ஸ்காட்லாந்தில் 2017 டிசம்பர் முதல் தொடங்கிய ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல முடியாது. நீங்கள் போக நினைத்தால் 28 நாள் முன்னறிவிப்பு போதும். இங்கிலாந்து இதே வழிக்கு வருவது 2026 மே 1 முதல்தான். அட்வான்ஸ் ஸ்காட்லாந்தில் அதிகபட்சம் இரண்டு மாத வாடகை, இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகை. இரண்டு இடத்திலும் அந்தப் பணத்தை அரசு அங்கீகரித்த காப்புத் திட்டத்தில் போட்டாக வேண்டும், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கிளாஸ்கோவில் வீட்டுக்காரர் பதிவு செய்தவரா என்று அரசுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஊரிலிருந்து பணம் அனுப்பும் முன் கட்டாயம் பாருங்கள். அப்புறம், அங்கே பழைய கல் கட்டடங்கள் அழகாக இருக்கும், கூரை உயரம், குளிர்காலத்தில் சூடேற்றச் செலவாகும். ஜன்னல் ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டாக்டர் சீட்டில் எழுதித்தரும் மருந்து ஸ்காட்லாந்தில் இலவசம், கண் பரிசோதனையும். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் விலக்குச் சான்று வாங்கலாம், பிரஷர் மாத்திரைக்கு அது இல்லை. 22 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு ஸ்காட்லாந்து முழுக்கப் பேருந்து இலவசம். இளங்கலை படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

குளிரையும் இருட்டையும் பற்றிக் கேட்கிறார்கள். மழை இரண்டு ஊரிலும் உண்டு, கிளாஸ்கோவில் இன்னும் அதிகம். டிசம்பரில் கிளாஸ்கோவில் எட்டே முக்காலுக்குத்தான் சூரியன், மாலை மூன்றே முக்காலுக்குப் போய்விடும். மான்செஸ்டரில் காலையில் இருபது நிமிடம் போல முன்னால் விடியும், அவ்வளவுதான்.

நம் சாப்பாட்டுக்கும் கோவிலுக்கும் மான்செஸ்டர்தான் வசதி. ரஷோம், லாங்சைட் பக்கம் போனால் இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் கிடைக்கும். பர்மிங்காம் பக்கத்தில் இருக்கும் டிவிடேல் பாலாஜி கோவில் காரில் சுமார் இரண்டு மணி நேரம், கிளாஸ்கோவிலிருந்து போவதென்றால் அது ஒரு நாள் பயணம். கிளாஸ்கோவிலும் பொல்லக்‌ஷீல்ட்ஸ் ஆல்பர்ட் டிரைவில் காய்கறிக்குக் குறையில்லை, ஆனால் தமிழ்க் கடைச் சாமான் தேடித்தான் வாங்கினோம். ஒன்றில் மட்டும் கிளாஸ்கோவை விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பாட்டி நம்மிடம் தானாகப் பேசுவார். முதல் மாதம் அவர் பேசும் ஆங்கிலம் புரியாது, ஆனாலும் பேசுவார். என் மனைவி தனிமையில் தவித்த முதல் குளிர்காலத்தில் அப்படிப் பேசிய மேல்மாடி அம்மாவுக்கு இன்றும் பொங்கலன்று போன் செய்கிறோம்.

தம்பியை நான் கிளாஸ்கோ போகச் சொன்னேன். குழந்தை பள்ளிக்குப் போகும் வரை நர்சரி செலவு மிச்சம், சம்பளமும் அந்த 43,662-க்குக் கீழே இருக்கிறது, மனைவி வேலை தேட நேரம் கிடைக்கும். சம்பளம் ஐம்பதாயிரத்தை நெருங்கும்போது மறுபடி கணக்குப் போடட்டும். ஆகஸ்டிலேயே அங்கே பள்ளி வருடம் தொடங்கிவிடும், அதனால் வீடு எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது என்று இப்போதே பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.