விழுந்த வானிலை பலூன் பெட்டி யார்கிட்டயாவது இருக்கா?

வணக்கம் மக்களே. திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கண்காட்சிக்கு எங்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க ஆர்க்டிக்கைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. (இந்த வெயிலுக்குப் பனியைப் பத்திப் பேசக் கசக்குமா என்ன!)

ஆர்க்டிக்ல இருக்கிற நார்வேயின் நீ-ஒலெசுண்ட் ஊரில் 2008 முதல் நம்ம ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் இருக்கு. அந்த ஊர்ல தினமும் வானிலை பலூன் விடுறாங்க. 2019-20ல ‘போலார்ஸ்டெர்ன்’ங்கிற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் பனிக்கடல்ல உறைஞ்சு மிதந்தப்பவும் விட்டாங்க. பலூன்ல தொங்குற ரேடியோசோண்ட் பெட்டி, வெப்பம், ஈரப்பதம், காத்தோட வேகம் எல்லாத்தையும் ரேடியோவில் அனுப்பிக்கிட்டே சுமார் 30 கி.மீ. ஏறும். பலூன் வெடிச்சதும் கீழே வந்துடும். குளிர்காலத்துல ஆர்க்டிக்ல தரையை ஒட்டின காத்தை விடக் கொஞ்சம் மேலே இருக்கிறது பெரும்பாலும் சூடா இருக்கும். பிள்ளைங்க நம்பவே மாட்டேங்குதுங்க!

சென்னை, காரைக்கால்லயும் வானிலைத் துறை இதே மாதிரி விடுது. வயல்லயோ மொட்டை மாடியிலயோ விழுந்த பெட்டி யார் வீட்டுலயாவது கிடந்தா சொல்லுங்க. உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, கொரியர் செலவு என்னோடது.

ஹிமாத்ரிக்குப் போய் வந்தவங்க, கோவா துருவ ஆய்வு மையத்துல இருக்கிறவங்க தெரிஞ்சவங்களா இருந்தா, வீடியோ காலில் அரை மணி நேரம் தமிழ்ல பேசச் சொல்லுங்களேன். இன்பாக்ஸ்ல வாங்க.