ஏற்றத்தில் சத்தம் கூடுது, வண்டி இழுக்கலை: கிளட்ச் போயிடுச்சா?

கேள்வி – காவேரிப்பட்டணம்
2009 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கேபிள் கிளட்ச். ஊருக்குள் எதுவும் தெரியவில்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில், நாலாவது கியரில் மிதித்தால் என்ஜின் இரைச்சல்தான் கூடுகிறது. லேசாகக் கருகல் வாடையும் வந்தது. கியர் நன்றாக விழுகிறது. மெக்கானிக் உடனே கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார். அடுத்த வாரம் அம்மாவை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். என்ன செய்யட்டும்?

பதில் – தர்மபுரி
தம்பி, இது கிளட்ச் ஸ்லிப், அதாவது கிளட்ச் வழுக்குகிறது. கியர் கரகரவென்று மாட்டினால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம்; உங்கள் வண்டியில் கிளட்ச் முழுசாகப் பிடிக்கவில்லை. முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனம் தட்டுவதற்கு முன் கொஞ்சம் லூசாக இறங்கணும். எவ்வளவு என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். லூசே இல்லையென்றால், மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எந்நேரமும் தள்ளிக்கொண்டே இருக்கும், கிளட்ச் எப்படிப் பிடிக்கும்? பிளேட் தேயத் தேய இந்த லூஸ் குறைந்துகொண்டே வரும். இதைப் பார்க்காமல் கியர்பாக்ஸில் கை வைக்க விடாதீர்கள். கேபிள் நட்டைத் தளர்த்தியதுமே சரியான வண்டிகள் உண்டு.

அப்புறமும் சந்தேகம் இருந்தால், முன்னால் ஆளில்லாத சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் லேசாக ரைஸ் கொடுத்து கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் அணைந்தால் நல்லது. ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்தது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமும் கருகும்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. லூசே இல்லை, தளர்த்தி வைத்தோம். இப்போது பரவாயில்லை. ஆனால் கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி பக்கம் ஏறும்போது இன்னும் ஸ்லிப் ஆகிறது.

பதில் – ஓசூர்
அப்போ பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட் மட்டும் போடாதீர்கள்; பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் சேர்த்து செட்டாகப் போடுங்கள். பழைய பேரிங் பிறகு கத்த ஆரம்பித்தால் கியர்பாக்ஸ் இறக்கும் கூலியை மறுபடியும் கொடுக்கணும். கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் என்ஜின் ஆயில் கிளட்ச் பக்கம் கசியாமல் தடுக்கும் கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது பிளேட்டும் ஆயில் பட்டு வழுக்கும். கிளட்ச் பிளேட் உரசும் என்ஜின் சக்கரமான ஃப்ளைவீலில் நீலத் திட்டோ வெடிப்போ தெரிந்தால் அப்படியே மூட விடாதீர்கள்.

பதில் – தர்மபுரி
வேலை முடியாவிட்டால் அம்மாவை பஸ்ஸில் கூட்டிப் போங்கள் தம்பி. போகும்போது தொப்பூர் இறக்கம். பிடிக்காத கிளட்ச்சில், சின்ன கியரில் இறக்கினாலும் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. பாரமெல்லாம் பிரேக்கில்தான் விழும்.