கம்பம், குமுளி பக்கம் கோதுமை அரைக்காத மில் இருக்கிறதா?

எங்கள் ஊர் கம்பம். 9 வயது மகளுக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் துளி சேர்ந்தாலும் குடலைப் பாதிக்கும் நோய். போன ஆவணியில் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி இரண்டிலும் உறுதியானது. அன்றோடு கோதுமை, மைதா, ரவை எல்லாம் வீட்டை விட்டுப் போய்விட்டன. நாலு மாதம் நன்றாக இருந்தாள், எடைகூட ஏறியது. இப்போது மூன்று வாரமாக மறுபடியும் வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு, சோர்வு.

முதலில் மாட்டியது பெருங்காயம். வழக்கமாக வாங்குவது அரிசி மாவு கலந்தது. அது இல்லையென்று கடைக்காரர் வேறு டப்பா கொடுத்தார். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் கோதுமை மாவு! ரசத்துக்கு ஒரு சிட்டிகைதானே என்று யார் நினைப்பார்கள்? அதை நிறுத்தியதும் பாதி குறைந்தது. மீதி குறையவில்லை.

அடுத்த சந்தேகம் சாம்பார் பொடி. மில்லில் கோதுமைக்கும் மல்லிக்கும் ஒரே மெஷின். காலையில் முதல் ஆளாகப் போய், ஒரு படி அரிசியை ஓட்டிவிட்டுத்தான் அரைத்தோம். அப்படியும் ஓரத்தில் பழைய மாவு அப்பிக்கிடந்தது. மிளகு, ஏலம், கிராம்பு குமுளியில் முழுசாகவே வாங்கிக்கொள்கிறோம், அதில் கவலையில்லை. மிளகாயும் மல்லியும் மிக்சியில் எப்படியோ ஒப்பேறுகிறது. விரலி மஞ்சளைப் போட்டதும் பிளேடு போய்விட்டது. பாக்கெட் மசாலாக்களில் ‘கோதுமை இருக்கலாம்’ என்று எழுதியிருப்பதால் தொடுவதில்லை.

தேனியிலிருந்து குமுளிக்குள், கோதுமையே அரைக்காமல் மிளகாய், மல்லி, மஞ்சள் மட்டும் அரைக்கிற மில் எங்கே இருக்கிறது?