கொண்டென்சர் மைக்குக்குத் தமிழில் என்ன? (வியாழன் அச்சுக்கு)

உப்புவெளியிலிருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனி, ஞாயிறு இங்கே பதினாறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது பற்றி வகுப்பு வைக்கிறோம். நாலு பக்கக் கைநூல் ஒன்றும் கொடுக்கிறோம். அச்சகம் வியாழன் காலைக்குள் கேட்கிறது. குறைந்த காசில் எந்த மைக் வாங்கலாம் என்ற பக்கத்தில்தான் சிக்கல். ஒரு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்தேன். 'ஒடுக்கி ஒலிவாங்கி' என்று வந்தது. அதற்குள் 'தங்கமுலாம் பூசிய உதரவிதானம்' இருக்கிறதாம். இப்படியே அச்சடித்தால் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். கொண்டென்சர் மைக், அதற்கு வயர் வழியே போகிற 48 வோல்ட் பேண்டம் பவர், இந்த இரண்டுக்கு மட்டும் சொல் தாருங்கள்.

மூதூரிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, இதற்கு விவாதமே தேவையில்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: கொண்டென்சர் என்றால் கொள்ளளவி. உள்ளே இரண்டு தட்டுகள். ஒன்று அசையாத பின்தட்டு. மற்றது சில மைக்ரோமீற்றர் மட்டுமே தடிப்புள்ள மென்றகடு. பாடினால் மென்றகடு அசையும், இடைவெளி மாறும், கொள்ளளவம் (மின்னூட்டம் கொள்ளும் திறன்) மாறும். ஆகவே கொள்ளளவி ஒலிவாங்கி. டைனமிக் மைக் என்றால் இயங்குசுருள் ஒலிவாங்கி. ஒடுக்கி என்பது ஆவியைத் திரவமாக்குகிற சாமான். அது ஆய்வுகூடத்திலும் ஐஸ் தொழிற்சாலையிலும் இருக்கட்டும்.

என் காலத்துக் கொப்பியில் மைக்குக்கே 'நுணுக்குப்பன்னி' என்றுதான் எழுதியிருக்கிறேன். நல்ல சொல், வழக்கொழிந்து போயிற்று.

சென்னையிலிருந்து, செவ்வாய் காலை

ஐயா, அந்தப் பன்னியை மட்டும் இந்தப் பக்கம் ஓட்டி விடாதீர்கள். வகுப்பில் ஒருவரும் அடங்கமாட்டார்கள். உங்கள் கொள்ளளவிக்கு இங்கே பாடநூலில் மின்தேக்கிதான். கொள்ளளவி என்றால் அளக்கிற கருவி என்றே நினைப்பார்கள்.

மூதூரிலிருந்து, செவ்வாய் காலை

பன்னுதல் என்றால் திரும்பத் திரும்பச் சொல்லுதல். 'பன்னிப் பன்னிச் சொன்னேன்' என்று உங்கள் ஊரிலும் சொல்வார்களே. நீங்கள் பன்றியைப் பன்னி ஆக்கியதற்கு எங்கள் சொல் என்ன செய்யும்?

தம்பலகாமத்திலிருந்து, செவ்வாய் மாலை

வயலில் நின்றதால் பிந்திவிட்டேன்.

கொள்ளளவி என்ற சொல்லில் எனக்கு என்றைக்கும் திருப்தியில்லை. கொள்ளளவு உடையது எல்லாம் கொள்ளளவி என்றால் எங்கள் வீட்டு வாளியும் கொள்ளளவிதான். அது செய்கிற தொழிலைச் சொல்ல வேண்டாமா? வோல்ட்டா 1782 இல் இதற்குப் பெயர் வைத்தபோது மின்சாரத்தைச் செறிய வைக்கிற பொருள் என்ற கருத்தில்தான் வைத்தார். நம்மிடம் அதற்குச் சொல்லா இல்லை? தேங்கு, தேக்கு, தேக்கம். குளத்தின் கீழே வாழ்கிறவனுக்கு இதைவிட விளக்கமான வேர் கிடையாது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற நெல்லைச் சாப்பிட்டுக்கொண்டு தேக்கியை வேண்டாம் என்கிறீர்கள். ஏந்தல், தாங்கல் என்றும் நீர்நிலைக்குப் பெயர் உண்டு. மின்னேந்தல் என்றால் எவ்வளவு அழகு! ஏந்தல் என்றால் அரசன் என்றும் பொருள் வரும். அதனால் அதை விடலாம். தேக்கு மரத்துக்கும் இந்தத் தேக்குக்கும் உறவு உண்டா என்று இருபது வருடமாக யோசிக்கிறேன், அது வேறு கதை.

நிலாவெளியிலிருந்து, செவ்வாய் இரவு

தம்பலகாமத்துப் பண்டிதர் ஐயாவுக்கும் மூதூர் மாஸ்டருக்கும் வணக்கம். நான் சவுண்ட் சேர்விஸ்காரன். கடையில் போய் 'கொள்ளளவி ஒலிவாங்கி இருக்கா' என்று கேட்டால் தராசுக் கடையைக் காட்டுவான். கொண்டென்சர் மைக் என்றே எழுதுங்கள். பழையன கழிதலும் என்ற சூத்திரத்தை மட்டும் ஒருவரும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

பேரைவிடப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஓடியோ டெக்னிக்காவின் ஏரி2020 (AT2020) போன்ற ஒன்று தொடக்கத்துக்குப் போதும். அதன் சொந்த இரைச்சல், அதாவது மைக் தானே எழுப்புகிற இரைச்சல், 20 டெசிபெல். ரோட் என்ரி1-ஏ (NT1-A) யில் அது 5 தான். தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் தலைக்கு மேலே காற்றாடி சுழல்கிற அறையில் அந்தப் பதினைந்து டெசிபெல்லை யார் கேட்கப் போகிறார்கள்? கச்சான் காற்று நாளில் யன்னலே தனியாகப் பாடும். அறைக்கு ஒன்றும் செய்ய வழியில்லை என்றால் டைனமிக்கே வாங்கலாம், வாயருகில் வைத்துப் பாடலாம். மிச்சக் காசில் தடித்த திரைச்சீலை வாங்குங்கள். கொண்டென்சர்தான் வேண்டுமென்றால் மைக்கைக் கணினியோடு இணைக்கிற இன்ரபேஸில் 48 வோல்ட் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு மாரிக்கு நான் மைக்கை ஸ்ராண்டிலேயே யன்னலோரம் விட்டுவிட்டேன். பிறகு போட்டால் கடுகு தாளிக்கிற மாதிரிப் பொரிகிறது. ஈரம் உள்ளே போய்விட்டது. இப்போது பால்மா ரின்னுக்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பக்கற், அதற்கு மேல் மைக், மூடி இறுக்கம். கடலோரத்தில் இது இல்லாமல் எந்த மைக்கும் நிலைக்காது.

தம்பலகாமத்திலிருந்து, செவ்வாய் இரவு

> ஏரி2020

மைக் செய்தவனே ஏரி என்று பேர் வைத்திருக்கிறான். இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

சென்னையிலிருந்து, புதன் காலை

பண்டிதர் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஏரி2020 எலெக்ட்ரெட் வகை. 1962 இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் கண்டுபிடித்த முறை. மின்னூட்டம் நிரந்தரமாகவே உள்ளே கிடக்கும். 48 வோல்ட் உள்ளிருக்கும் மின்சுற்றுக்குத்தான். தேங்கியே கிடப்பதைத் தேக்கி என்னாமல் வேறென்ன சொல்வது?

மூதூரிலிருந்து, புதன் மதியம்

பண்டிதரின் குளத்தையே எடுத்துக்கொள்வோம். மைக்கில் மின்னூட்டத்தைத் தேக்கிப் பிறகு திறந்து விடுகிறோமா? இல்லை. துருசு (மதகு) மூடியே கிடக்கிறது. தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை, குறையவில்லை. அணைக்கட்டு முன்னும் பின்னும் நடுங்குகிறது. கட்டு உள்ளே வந்தால் நீர்மட்டம் ஏறும், வெளியே போனால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் நாம் கேட்கிற பாட்டு. (மைக்கில் திசை நேர்மாறு: தட்டுகள் கிட்ட வந்தால் கொள்ளளவம் கூடி வோல்ட்டளவு குறையும். உவமையை அதற்கு மேல் இழுக்காதீர்கள்.) ஆக, மாறுவது தேக்கம் அல்ல, கொள்ளளவு. எலெக்ட்ரெட்டிலும் அதே கதைதான். சொல்லும் அதையே சொல்கிறது.

திருகோணமலை நகரத்திலிருந்து, சங்கீத ரீச்சர், புதன் பின்னேரம்

பேண்டத்தை எல்லோரும் மறந்துபோனீர்கள். ஆங்கிலத்தில் பேண்டம் என்றால் பேய் என்று என் மருமகன் 'பேய்மின்' என்கிறான். பேய்மின் என்றால் பிள்ளைகள் பொத்தானைத் தொடமாட்டார்கள், அல்லது வேலை கெட்டுத் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். பாட்டு போகிற அதே இரண்டு கம்பியிலும் சம அளவில் 48 வோல்ட் ஒளிந்து வருகிறது, அதனால் சரியான வயர் போட்ட டைனமிக் மைக்குக்கு அது தெரிவதேயில்லை என்று நிலாவெளித் தம்பி முன்பு விளக்கினார். அப்படியானால் மறைமின் போதாதா?

மைக் நான் வாங்கிவிட்டேன், கொண்டென்சர்தான். டச்சுக் குடாவுக்குக் கிட்ட வீடு. அதிகாலையில் தேவாரம் பதிந்து திரும்பக் கேட்டால் என் குரலுக்குப் பின்னால் அலை ஒரே சீராக வருகிறது. சம்பந்தர் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்று பாடிய கடல் அல்லவா, இரைச்சல் என்று வெட்ட மனம் வரவில்லை. அந்த வரி வருகிற பதிவை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.

நிலாவெளியிலிருந்து, புதன் பின்னேரம்

ரீச்சர், கதவடியில் துவாயைச் சுருட்டி வைத்து, மைக்கின் முதுகைக் கடல் பக்கம் திருப்புங்கள். முன்பக்கம் மட்டும் நன்றாக வாங்குகிற வகை அது. தேவாரத்துக்கு வேண்டுமென்றால் திருப்பாமல் விடுங்கள்.

உப்புவெளியிலிருந்து, புதன் இரவு 11.20

எண்ணிப் பார்த்தேன். கொள்ளளவிக்கு மாஸ்டர், ரீச்சர், நான். தேக்கிக்குப் பண்டிதர் ஐயாவும் சென்னை நண்பரும். நிலாவெளி அண்ணை எதற்கும் இல்லை. 'கடையில் கொண்டென்சர் மைக் எனப்படும் கொள்ளளவி ஒலிவாங்கி' என்று முதல் முறை எழுதி, பிறகு கொண்டென்சர் மைக் என்றே விட்டிருக்கிறேன். பேண்டத்துக்கு மறைமின். பால்மா ரின் தனிப் பெட்டிச் செய்தியாகப் போகிறது. கோப்பை அனுப்பிவிட்டேன். நன்றி, நித்திரை வருகிறது.

தம்பலகாமத்திலிருந்து, வியாழன் காலை

அச்சுக்குப் போயிற்று என்று தெரியும். பதிவுக்காகச் சொல்கிறேன்: மறை என்றால் வேதம். மறைமின் என்றால் வேதமின்சாரம் என்றுதான் முதலில் படும். கரவுமின் என்றிருக்கலாம், ஆனால் கரவு வஞ்சகம் ஆகிவிடும். இரண்டாம் பதிப்பு எப்போது?